மூன்றாம் தரம் கேட்கும்வரை

தொலைபேசி அடித்தபோது பருப்பு அடுப்பில் இருந்தது. தெரியாத இலக்கம். வேலை தேடுகிறவன் தெரியாத இலக்கத்தை எடுக்காமல் விடக்கூடாது என்று உதவிப்பணம் தரும் ஜொப் சென்டரில் சொல்லியிருந்தார்கள். அடுப்பைக் குறைத்துவிட்டு எடுத்தேன்.

வேலைக்கு ஆட்களை அனுப்பும் ஏஜென்சி ஒன்றிலிருந்து ஒரு பெண் பேசினார். முதியோர் இல்லம் ஒன்றின் சலவை அறையில் ஆறு கிழமைக்கு, அதாவது ஒன்றரை மாதத்துக்கு, ஆள் தேவையாம். அங்கே வேலை செய்கிற பெண்ணுக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை. அவர் திரும்பி வரும்வரைதான் வேலை. இரண்டு பஸ் மாறவேண்டும், காலை ஏழு மணிக்குத் தொடக்கம்.

“உங்கள் விபரத்தைப் பார்த்தேன். பதினாலு வருடம் லோண்டரியில் இருந்திருக்கிறீர்கள். தற்காலிக வேலைதான், கட்டாயம் ஒன்றும் இல்லை. விருப்பமா?” என்று கேட்டார்.

எனக்கு விருப்பம். நான் வேலை செய்த லோண்டரி மூடி ஐந்து மாதமாகியிருந்தது. அன்று காலையில்கூட, தோய்த்த என் ஒரே படுக்கை விரிப்பை மூலைக்கு மூலை சேர்த்து, தேவையில்லாமல் இரண்டு தரம் மடித்திருந்தேன். கைகளுக்கு வேலை வேண்டும்போல இருந்தது. அப்படியிருக்க, நான் அந்தப் பெண்ணுக்குச் சொன்ன பதில் இதுதான்:

“இல்லை, இல்லை, பரவாயில்லை. எனக்கு வேண்டாம். தேவையான வேறு யாருக்காவது கொடுங்கள்.”

சொல்லிவிட்டுக் காத்திருந்தேன்.

“ஒரு பிரச்சினையும் இல்லை. நல்ல நாளாக அமையட்டும்” என்றார் அவர். தொலைபேசி அடங்கிவிட்டது.

நான் அதைக் காதில் வைத்தபடியே கொஞ்ச நேரம் நின்றேன். எதற்காக நின்றேன் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. பருப்பு அடிப்பிடித்த மணம் வந்த பிறகுதான் விளங்கியது. அவர் இரண்டாம் தரம் கேட்பார் என்று நின்றிருக்கிறேன்.

எங்கள் ஆட்களின் வீட்டுக்குப் போனால் தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்று கேட்பார்கள். உடனே ஓம் என்று சொல்வதில்லை. இப்போதுதான் குடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லவேண்டும். குடிக்காவிட்டாலும் அப்படித்தான். அவர்கள் இன்னொரு தரம் கேட்பார்கள். வீண் சிரமம் எதற்கு என்று சொல்லவேண்டும். மூன்றாம் தரம், சும்மா இருங்கோ என்று அதட்டிவிட்டுக் கேத்திலைப் போடுவார்கள். அதன் பிறகு குடிக்கலாம். முதல் தரமே ஓம் என்றால் காணாததைக் கண்டவன்போல இருக்கும். இதை யாரும் எனக்கு உட்காரவைத்துச் சொல்லித் தரவில்லை. நான் யாருக்கும் சொல்லித் தந்ததும் இல்லை. ஆனால் லண்டனில் நான் இருக்கும் தோர்ண்டன் ஹீத்தில் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் இது இப்படித்தான் நடக்கிறது. தொலைபேசியில் வேலை வந்தபோதும் என் வாய் தேத்தண்ணிக்குச் சொல்வதைத்தான் சொல்லியிருக்கிறது.

நான் கூச்சமுள்ளவன். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. இந்த நாட்டுக்கு அகதியாக வந்து இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகியும் கடையில் பொருள் மாற்றப் போவதென்றால் வீட்டிலேயே வசனத்தைச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் போவேன். லோண்டரி வேலை எனக்குப் பொருந்தியதற்கு அதுவும் ஒரு காரணம். ஹோட்டல் விரிப்புகளை இரண்டு பேர் ஆளுக்கு இரண்டு மூலையாகப் பிடித்து, ஒரு தரம் உதறி, சூடான பெரிய உருளைக்குள் கொடுக்கவேண்டும். இரைச்சலில் யாரும் பேசமுடியாது. கண்ணால் பேசிக்கொள்வோம். அந்த வேலையைக்கூட நான் கேட்டுப் பெறவில்லை. மற்ற இரண்டு மூலைகளையும் பிடித்த அண்ணை ஒருவர்தான் ஒருநாள் என்னைக் கையில் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். அதற்கு முன் நான் எத்தனை தரம் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன் என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன்.

நான்கு நாள் கழித்து ஜொப் சென்டரிலிருந்து போனில் செய்தி வந்தது. உங்களுக்குக் கிடைத்த வேலையை நீங்கள் மறுத்ததாக அறிகிறோம், காரணத்தை நேரில் வந்து விளக்கவும் என்று இருந்தது. தகுந்த காரணம் இல்லாவிட்டால் உதவிப்பணம் மூன்று மாதம்வரை நிறுத்தப்படலாம் என்று கீழே ஒரு வரி.

ஐந்து மாதமாக நான் வாழ்ந்தது அந்த உதவிப்பணத்தில்தான். அது நின்றால் என் அறையை விடவேண்டும். பெரிய அறை இல்லை. ஒரு கட்டில், ஒரு மேசை, மூலையில் ஒரு சிறிய அடுப்பு, ரயில் பாதையைப் பார்க்கிற யன்னல். ஆனால் அங்கே பசித்தால் சாப்பிடுவேன், பசிக்காவிட்டால் சாப்பிடமாட்டேன். யாரும் கேட்கத் தேவையில்லை, நான் யாருக்கும் மறுக்கத் தேவையில்லை. அதை விட்டால் லண்டனின் மறுகோடியில், ஹரோவில் அக்கா வீட்டுக்குத்தான் போகவேண்டும். அக்கா அன்பானவர். அதுதான் பயம்.

அடுத்த நாள் அண்ணையைப் பார்க்கப் போனேன். லோண்டரி மூடிய பிறகு அவர் பக்கத்துத் தெருவில் ஒரு தமிழ்க் கடையில் காசாளராக இருக்கிறார். பின்னேரம் மூன்று மணிக்குக் கடையில் கூட்டம் இருக்காது.

“என்ன காணும், முகம் ஒருமாதிரிக் கிடக்கு?” என்றார்.

போனில் வந்த செய்தியைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்திவிட்டு வாசித்தார்.

“வேலையை வேண்டாமெண்டு சொன்னனீரோ?”

“ஓம் அண்ணை.”

“உமக்கு வேலை வேண்டாமே?”

“வேணும்.”

“பிறகு ஏன் காணும் வேண்டாமெண்டனீர்?”

“சும்மா… ஒரு மரியாதைக்கு.”

அவர் கல்லாவில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தார். வெண்டைக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா திரும்பிப் பார்த்தார். “மரியாதைக்கோ! அந்தப் பிள்ளை என்ன, உமக்குச் சம்பந்தம் பேச வந்ததோ? வேலை தரட்டோ எண்டு கேட்டிருக்கு. இவர் வெட்கப்பட்டுக் காலால கோலம் போட்டிருக்கிறார்!”

பிறகு குரலைத் தாழ்த்தினார். “இஞ்ச பாரும். முதுகு வருத்தமெண்டு சொல்லும். ஒரு கதையும் இராது.”

“எனக்கு முதுகு வருத்தமில்லை அண்ணை.”

“முதுகு நோகுதோ இல்லையோ எண்டு ஆரும் திறந்து பார்க்க ஏலுமோ? பதினாலு வருசம் விரிப்பு உதறினவனுக்கு முதுகு நோகாட்டித்தான் சந்தேகப்படுவினம்.”

அது நியாயமாகத்தான் பட்டது. நான் யோசித்துக்கொண்டு நிற்க, அவர் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து பொரித்த றோல்ஸ் ஒன்றை எடுத்தார்.

“இந்தாரும், சாப்பிடும்.”

“வேண்டாம் அண்ணை, இப்பத்தான் சாப்பிட்டனான்.”

“சூடாக் கிடக்கு.”

“இல்லை, பரவாயில்லை.”

“பிடியும் காணும்!”

றோல்ஸ் என் கைக்கு வந்துவிட்டது. நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். வாழ்நாள் முழுக்கச் செய்துவந்த ஒன்றை முதல் தரம் வெளியே நின்று பார்த்ததுபோல இருந்தது. காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிடவில்லை. என் முகத்தைப் பார்த்தே அது அவருக்கும் தெரியும். நான் சொன்னதை நானும் நம்பவில்லை, அவரும் நம்பவில்லை. ஆனாலும் இருவரும் ஒரு எழுத்தும் பிசகாமல் சொல்லி முடித்தோம்.

“அண்ணை, ஒண்டு கேட்கட்டோ? நான் உண்மையாவே சாப்பிட்டிட்டு வந்திருந்தால், இப்ப என்ன சொல்லியிருக்கவேணும்?”

அவர் கண்ணாடிப் பெட்டியை மூடினார். “நீர் உண்மையாவே சாப்பிட்டிருந்தாலும் நான் தந்திருப்பன்” என்றார்.

“நான் தின்னுவனோ?”

“தின்னாமல் விடுவீரோ?”

அந்தக் கேள்வி என்னோடு அறைவரைக்கும் வந்தது. அப்படியானால் எங்கள் ஆட்களுக்கிடையில் உண்மையான வேண்டாம் என்பதை எப்படிச் சொல்வது? அதற்குச் சொல் இருக்கிறதா, இல்லையா? அடுத்த சில நாட்கள் எனக்கு இதே வேலையாகிவிட்டது. பஸ்ஸில், கடையில், கோயில் அன்னதான வரிசையில் யார் யாருக்கு எத்தனை தரம் மறுக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அன்னதானத்தில் ஒரு பெரியவர் இலைமேல் கையைக் குறுக்கே வைத்துச் சோறு போதும் என்று மறைத்தார். பரிமாறுகிறவர் அந்த விரல்களுக்கிடையால் ஒரு கரண்டி சோற்றை இறக்கிவிட்டுப் போனார். பெரியவர் அதையும் சாப்பிட்டார். பஸ் தரிப்பில் ஒரு ஆங்கிலேயக் கிழவிக்கு ஒருவன் இடம் கொடுக்க எழுந்தான். வேண்டாம் என்றார். உட்கார்ந்துவிட்டான். இருவர் முகத்திலும் ஒரு குறையும் தெரியவில்லை. எனக்குத்தான் மனம் கேட்கவில்லை. பஸ் வரும்வரை அந்தக் கிழவியின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை ஹரோவுக்குப் போனேன். மூன்று ரயில் மாறிப் போகவேண்டும். விசயத்தை அக்காவுக்கு முதல் நாளே போனில் சொல்லியிருந்தேன். சொல்லாமல் விட்டிருக்கலாம். நான் சப்பாத்தைக் கழற்றுமுன்பே அவர் என்னை மேல்மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். படிக்குப் பக்கத்தில் உள்ள சின்ன அறையில் வழக்கமாகச் சூட்கேசுகளும், பெரிய சமையல் கிடாரங்களும், அத்தானின் உடற்பயிற்சிச் சைக்கிளும் இருக்கும். எல்லாம் காணாமற்போய் ஒரு கட்டில் போடப்பட்டிருந்தது. தலையணை உறை புதிது.

“எப்பவெண்டாலும் வா. இது உன்ரை அறை” என்றார் அக்கா.

இந்த நாட்டுக்கு வந்த முதல் இரண்டு வருடமும் நான் அந்த அறையில்தான் இருந்தேன். அங்கே இருந்த காலத்தில் குளியலறை வெறுமையாகும்வரை கதவுக்குப் பின்னால் நின்று காது கொடுத்துக்கொண்டிருப்பேன். கீழே சமையலறையில் ஆள் இல்லாத நேரம் பார்த்துத் தண்ணீர் குடிப்பேன். யாரும் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. எனக்கு அப்படித்தான் இருக்கத் தெரிந்தது. இப்போது ஐம்பத்திரண்டு வயதில் மறுபடி அந்தக் கதவுக்குப் பின்னால் நிற்பதை நினைத்துப் பார்த்தேன்.

“வேண்டாம் அக்கா. நான் அங்கையே சமாளிப்பன்” என்றேன்.

“சும்மா இரு. விரிப்பும் போட்டாச்சு.”

“இல்லை அக்கா, உண்மையா வேண்டாம்.”

“நீ எப்ப ஓமெண்டு சொன்னனி? பிறகு வந்திருந்து சந்தோசப்படுவாய்.”

சொல்லிக்கொண்டே தலையணையைத் தட்டிச் சரிசெய்தார். அங்கேயே நின்று எனக்கு ஒரு விசித்திரம் விளங்கியது. வேலை வேண்டும் என்று மனதில் வைத்துக்கொண்டு வேண்டாம் என்றேன். முன்பின் தெரியாத ஏஜென்சிப் பெண் அதை உடனே நம்பினார். அறை வேண்டாம் என்று மனதார நினைத்து வேண்டாம் என்கிறேன். கூடப்பிறந்த அக்கா நம்பவில்லை. இரண்டு பேர்மீதும் குற்றம் சொல்லமுடியவில்லை.

கீழே வந்து உட்கார்ந்தபோது மருமகள் கதவால் எட்டிப் பார்த்தாள். அக்காவின் மகள். இங்கேயே பிறந்தவள், இருபத்தேழு வயது. ஒரு அலுவலகத்தில் ஆட்களை வேலைக்கு எடுக்கிற பகுதியில் இருக்கிறாள்.

“மாமா, டீ?”

“வேண்டாம் பிள்ளை, இப்பத்தான் குடிச்சனான்.”

“ஓகே” என்று போய்விட்டாள்.

மூன்று ரயில் மாறி வந்தவனுக்குத் தொண்டை காய்ந்திருந்தது. வழக்கமாக இந்த இடத்தில், இந்தப் பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது என்று மனதுக்குள் நினைத்துக்கொள்வேன். அன்று அப்படி நினைக்கவில்லை. அவளைத் திருப்பிக் கூப்பிட்டேன்.

“பிள்ளை, நீ ஏன் என்னை ரெண்டாம் தரம் கேட்கேல்லை?”

அவள் விளங்காமல் பார்த்தாள். “நீங்கள் நோ எண்டு சொன்னீங்கள்தானே?”

“ஓம். எண்டாலும் ரெண்டாம் தரம் கேட்டால் என்ன?”

“அது புஷ் பண்ணுற மாதிரி, மாமா. நோ எண்டு சொன்ன ஆளைத் திருப்பிக் கேட்டால் ரூட், மரியாதை இல்லை.”

“எனக்கு வேணும் பிள்ளை. எப்பவும் வேணும்.”

அவள் எனக்கு முன்னால் வந்து நிலத்தில் உட்கார்ந்தாள். “நான் பத்து வயசிலை டீ போடப் பழகினனான். ஃபேர்ஸ்ட் கப் உங்களுக்குத்தான் கொண்டு வந்தன். நீங்கள் வேண்டாம் எண்டு சொன்னீங்கள். பிறகு அம்மா தரக் குடிச்சீங்கள். என்ரை டீ உங்களுக்குப் பிடிக்காது எண்டு நினைச்சன்.” அவள் இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஒரு கணக்கின் விடையைச் சரிபார்ப்பவள்போலச் சொன்னாள். “அப்ப காரணம் அது இல்லையா?”

“காரணம் அது இல்லை பிள்ளை.”

பதினேழு வருடம். அவள் கேட்டதெல்லாம் எனக்கு நினைவுக்கு வந்தது. கேக், ஐஸ்கிரீம், அவளுடைய முதல் காரில் ஸ்டேஷன்வரை கொண்டுபோய் விடட்டுமா என்று கேட்டது. எல்லாவற்றுக்கும் ஒரே பதில் சொல்லியிருக்கிறேன். அந்தக் கார்க் கேள்விக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு மழையில் நடந்தது எனக்கு நல்ல நினைவு.

ஜொப் சென்டர் செய்தியை அவளிடம் காட்டினேன். தன் அலுவலகத்திலும் இப்படித்தான் என்றாள். ஒருவர் வேண்டாம் என்றால் அந்தப் பெயருக்கு நேரே ஒரு அடையாளம் போட்டுவிட்டுப் பட்டியலில் அடுத்த பெயருக்குப் போவார்களாம். ஏன் என்று யோசிக்க நேரம் இல்லையாம். “ஆனால் நீங்கள் சொன்னால் கேட்பினம், மாமா. சொல்லாட்டி எப்பிடித் தெரியும்?”

செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு நேரம் தந்திருந்தார்கள். ஜொப் சென்டரில் என்னைக் கவனிக்கும் வேர்க் கோச் என் வயதுள்ள ஒரு பெண். அவருடைய பெற்றோர் கரீபியன் தீவொன்றிலிருந்து வந்தவர்கள் என்று முன்பு ஒருநாள் சொல்லியிருந்தார். மேசையில் எப்போதும் புதினா மிட்டாய்ப் பெட்டி ஒன்று இருக்கும். அன்று அதன் மூடி மூடியிருந்தது.

“இந்த வேலைக்கு உங்கள் பெயரைக் கொடுத்ததே நான்தான். உங்களுக்காகவே வந்த வேலைபோல இருந்தது. என்ன நடந்தது?” என்றார்.

முதுகு வருத்தம் தொண்டைவரை வந்து தயாராக நின்றது. பஸ்ஸில் வரும்போது அந்த வசனத்தை ஆங்கிலத்தில் நாலைந்து தரம் சொல்லிப் பார்த்திருந்தேன். ஆனால் பொய்யைச் சொன்னால் அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். தலையாட்டிவிட்டு டொக்டரின் கடிதம் கேட்பார். உண்மையைச் சொன்னால் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாது. அந்த மேசைக்கு முன்னால் பயத்தோடு இருந்தபோதும் அதை அறிய ஆசையாக இருந்தது. நேர்மையால் சொன்னேன் என்று எழுதினால் அது சரியாக இராது. அந்த ஆசையால்தான் சொன்னேன்.

தேத்தண்ணியிலிருந்து தொடங்கினேன். என் ஆங்கிலம் ஒரு வசனத்துக்கு ஒரு தரம் நின்று நின்று போனது. அவர் இடையில் பேசவில்லை. முடித்ததும் கேட்டார்:

“எத்தனை தரம்?”

“மூன்று.”

“மூன்று என்று யார் முடிவு செய்தது?”

“தெரியாது.”

“அப்படியானால், உண்மையிலேயே வேண்டாதவர் என்ன செய்வார்?”

“அதைத்தான் நானும் ஒரு கிழமையாகக் கேட்டுத் திரிகிறேன். இன்னும் கண்டுபிடிக்கவில்லை.”

அவர் சிரித்துவிட்டார். “எங்கள் வீட்டில் ஏழு பிள்ளைகள். தட்டை ஒருதரம் வேண்டாம் என்றால் அது அடுத்தவன் முன்னால் போய்விடும். நான் இன்றுவரைக்கும் எதையும் வேண்டாம் என்று சொன்னதில்லை. அதனால்தான் இந்த உடம்பு.” பிறகு சிரிப்பை நிறுத்தினார். “பாருங்கள், முடிவெடுப்பது நான் இல்லை. நான் எழுதி அனுப்புவேன். வேறொருவர் வாசித்து முடிவு சொல்வார். முதுகு வலி என்று சொல்லியிருந்தால் எனக்கு எழுத இலகுவாக இருந்திருக்கும்.”

பஸ்ஸில் சொல்லிப் பார்த்த வசனம் நினைவுக்கு வந்தது. காது சூடாகியது.

அவர் கணினியில் இரண்டு விரலால் தட்டத் தொடங்கினார். ஒவ்வொரு வசனத்தையும் உரக்க வாசித்து, சரியா என்று கேட்டார். தேத்தண்ணி, மூன்று தரம், காத்திருந்தது எல்லாம் இருந்தது. என் வாழ்க்கையில் என்னைப்பற்றி ஒருவர் அவ்வளவு எழுதியது அதுதான் முதல் தடவை. முடிவில் தலையை நிமிர்த்தி, “அந்த ஏஜென்சிப் பெண்ணுக்குத் திருப்பிப் போன் எடுத்து, எனக்கு அந்த வேலை வேண்டும் என்று சொன்னீர்களா?” என்றார்.

“இல்லை.”

“ஏன்?”

அது எனக்குத் தோன்றவே இல்லை. கேட்காத வீட்டில் போய்த் தேத்தண்ணி தாருங்கள் என்று யாராவது சொல்வார்களா? ஆனால் அதையும் அவருக்கு விளக்க எனக்குத் தெம்பு இருக்கவில்லை. இன்றைக்கே எடுக்கிறேன் என்றேன். மிட்டாய்ப் பெட்டியைத் திறந்து என் பக்கம் தள்ளினார். ஒன்றும் கேட்கவில்லை. நான் ஒன்றை எடுத்துக்கொண்டேன்.

பஸ் தரிப்பில் நின்று ஏஜென்சிக்கு எடுத்தேன். எடுக்கமுன் மூன்று பஸ்களைப் போகவிட்டேன். அந்தப் பெண்ணுக்கு என்னை நினைவில்லை. முதியோர் இல்லத்து வேலைக்கு நான் வேண்டாம் என்ற அன்று பின்னேரமே வேறு ஆள் போய்விட்டாராம். “அப்போது வேண்டாம் என்று நீங்கள் சொன்னதாகத்தான் இங்கே இருக்கிறது” என்றார். “ஓம், சொன்னேன். ஆனால் எனக்கு விருப்பம் இருந்தது” என்றேன். பைத்தியம் என்று நினைத்திருப்பார். பிறகு, “சரி, உங்கள் பெயரைத் திரும்பவும் மேலே போட்டுவிடுகிறேன்” என்றார்.

ஒன்பது நாள் கழித்து அவர் எடுத்தார். தெரிந்த இலக்கம்.

“ஹலோ, பன்னிரண்டு நாளுக்கு ஒரு வேலை…”

“ஓம்” என்றேன். தமிழிலேயே வந்துவிட்டது. உடனே ஆங்கிலத்திலும் சொன்னேன்.

அவர் சிரித்தார். “நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லையே! என்ன வேலை என்று கேட்கமாட்டீர்களா?”

அறையில் நான் தனியாகத்தான் நின்றேன். ஆனாலும் யாரோ பார்த்துக்கொண்டிருக்க, சட்டிக்குள் கையை விட்டு இறைச்சித் துண்டை எடுத்தவன்போலக் கழுத்துவரை வெட்கமாக இருந்தது. அவர் வேலையைச் சொன்னார். குரோய்டனுக்கு வெளியே ஒரு களஞ்சியத்தில் ஹோட்டல் வேலைக்காரரின் சீருடைகளை அளவு பிரித்து, மடித்து, பெட்டியில் அடுக்கவேண்டும். காலை ஆறு மணிக்குத் தொடக்கம். மறுபடியும் ஓம் என்றேன். இரண்டாவது தரம் சொல்லும்போது வெட்கம் அவ்வளவாக இல்லை.

நான்காம் நாள் தேநீர் இடைவேளையில் முடிவு போனுக்கு வந்தது. பெட்டிகளுக்குப் பின்னால் போய் நின்று திறந்தேன். விரல்களில் புதுத்துணியின் தூசி இருந்ததால் திரை சரியாக வேலை செய்யவில்லை. இரண்டே இரண்டு வரி. எனது விளக்கம் கவனத்தில் எடுக்கப்பட்டது. உதவிப்பணம் நிறுத்தப்படமாட்டாது.

ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்துவிட்டேன். அறை தப்பிவிட்டது. யன்னலும் அடுப்பும் தப்பிவிட்டன. அந்த ஆறுதல் அடங்கியபிறகு அந்த இரண்டு வரியையும் திரும்பத் திரும்ப வாசித்தேன். தேத்தண்ணியைப்பற்றி ஒரு சொல்கூட இல்லை. அதை வாசித்தவர் ஆணா பெண்ணா, எந்த ஊர், எந்த மேசையில் இருந்து வாசித்தார்? சிரித்தாரா? பக்கத்திலிருந்தவருக்குச் சொன்னாரா? தன் வீட்டிலும் இரண்டாம் தரம் கேட்பார்கள் என்று நினைத்துக்கொண்டு அடையாளம் போட்டாரா? அல்லது களைத்துப்போய், இந்த மனிதனை விட்டுவிடுவோம் என்று போட்டாரா? இன்றைக்கும் எனக்கு அவரை ஒருதரம் பார்க்கவேண்டும்போல இருக்கிறது. நன்றி சொல்வதைவிட, கேட்பதற்குத்தான் நிறைய இருக்கிறது.

அந்தக் கிழமை சனிக்கிழமை ஹரோவுக்குப் போனேன். அக்காவிடம் விசயத்தைச் சொன்னேன். கைகூப்பி முருகா என்றார். ஆனால் சின்ன அறையை விடவில்லை.

“பன்னிரண்டு நாள் வேலைதானே. அது முடிய என்ன செய்வாய்? இஞ்ச வந்திரு.”

“வேண்டாம் அக்கா.”

“அத்தானுக்கும் சந்தோசம். அவரே கட்டிலைத் தூக்கினவர்.”

“வேண்டாம் அக்கா.”

“உனக்கென்ன விசரே? உங்கை தனிய அடிப்பிடிச்ச பருப்பைத் திண்டுகொண்டு… வா எண்டுறன்.”

மூன்று தரம் ஆகிவிட்டது. என் வாய் பழக்கத்தில் சரி என்று சொல்லத் திறந்தது. அதை மூடிக்கொண்டு ஒரு மூச்சு விட்டேன். “வேண்டாம் அக்கா. நான் வரமாட்டன். எனக்கு என்ரை அறை பிடிச்சிருக்கு.”

நான்காம் தரத்துக்கு எங்கள் இருவருக்கும் பாடம் இல்லை. அக்கா என்னைப் பார்த்தபடி இருந்தார். கோபமா, கவலையா என்று எனக்குத் தெரியவில்லை. சோபாவின் மறுகோடியில் இருந்த மருமகள் போனைக் கீழே வைத்துவிட்டாள்.

“அப்ப உண்மையாவே வேண்டாமோ?” என்றார் அக்கா.

“உண்மையாவே வேண்டாம்.”

அவர் மெல்லக் கேட்டார்: “அப்ப இவ்வளவு நாளும் நான் உனக்குப் போட்டதிலை வேறை என்னென்ன வேண்டாம்?”

மருமகள் சிரிப்பை அடக்கமுடியாமல் முகத்தைக் குஷனில் புதைத்தாள். நான் சொல்வதா விடுவதா என்று பார்த்தேன். கேட்டுவிட்டார்.

“அந்தப் பாவக்காய்க் குழம்பு, அக்கா.”

“ஐயோ! உனக்கெண்டுதானே கிழமைக்குக் கிழமை வைக்கிறன்! இந்த வீட்டிலை வேறை ஒருத்தரும் தின்னமாட்டினம்!”

அவர் எழுந்து சமையலறைக்குப் போகிற வேகத்தைப் பார்த்தால் அன்றைக்கும் அது அடுப்பில் இருந்திருக்கிறது என்று விளங்கியது. மூடியைத் திறந்து பார்த்துப் புறுபுறுத்தது இங்கே கேட்டது. ஆனால் படியேறிப்போய்ச் சின்ன அறைக் கதவைச் சாத்தியதும் கேட்டது. பின்பு அத்தானைக் கூப்பிட்டு, சைக்கிளைக் கொண்டுவந்து வையுங்கோ என்றார்.

மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். கதவடியில் நின்று திரும்பினாள்.

“மாமா, டீ?”

“ஓம்.”

அவள் கேத்திலைப் போடப் போகவில்லை. அங்கேயே நின்றாள். “ஷுவரா?” என்றாள். இரண்டாம் தரம் கேட்கப் பழகியிருக்கிறாள்.

“ஓம் பிள்ளை. போடு.”

தேயிலைப் பையைக் கோப்பைக்குள்ளேயே விட்டு, குளிர்ந்த பாலை ஊற்றிக் கொண்டுவந்தாள். எதிரே உட்கார்ந்து நான் குடிப்பதைப் பார்த்தாள். நான் இரண்டு மிடறு குடித்தேன்.

“நல்லா இருக்கா?”

நல்லாயிருக்கு என்று சொல்லப் போனேன். பிறகு கோப்பையை அவளிடம் நீட்டினேன்.

“சீனி காணாது, இன்னும் கொஞ்சம் போடு” என்றேன்.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. கோப்பையை வாங்கிக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள்.